மாடி வாடகை வருகிறது, ஆனால் கட்டுரையில் சொன்ன மாதிரி இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில், அமெரிக்காவில் முதல் வீடு வாங்கும் தமிழர்களுக்கு யோசனை சொல்லும் ஒரு கட்டுரை வந்திருந்தது. இரண்டு குடித்தனம் உள்ள வீட்டை வாங்குங்கள், ஒன்றில் நீங்கள் இருங்கள், மற்றதை வாடகைக்கு விடுங்கள், 3.5 சதவீதம் முன்பணம் போதும், வாடகைக்காரரே உங்கள் கடனைக் கட்டிவிடுவார், கட்டடம் வருஷா வருஷம் மதிப்புக் குறைவதாக, அதாவது தேய்மானம் காட்டி சம்பள வரியையும் குறைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். ஊரில் என் மாமனார் அதைப் படித்துவிட்டு அப்படியே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார், "நீங்க செஞ்சது சரிதான் போல" என்று ஒரு வரியும் சேர்த்து. இங்கே இதற்கு ஹவுஸ் ஹேக்கிங் என்று பெயர் வைத்து ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரி பேசுகிறார்கள். கீழே வீட்டுக்காரர், மாடியில் வாடகைக்காரர் என்பது நமக்கு என்ன புதுசா?

நாங்கள் போன வருஷம் நியூ ஜெர்சியில் அப்படி ஒரு வீடு வாங்கினோம். அதனால்தான் எழுதுகிறேன். அந்தக் கட்டுரையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவருக்குப் பொருந்துகிறது, இருவரும் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கும் எங்களைப் போன்ற குடும்பத்துக்குப் பாதிதான் பொருந்துகிறது. உங்கள் வாசகர்களின் பிள்ளைகளில் நிறையப் பேர் எங்களைப் போன்றவர்கள்தானே.

முதலில் அந்த 3.5 சதவீதம். அது எஃப்எச்ஏ கடன். மத்திய அரசின் வீட்டுவசதித் துறை காப்பீடு கொடுக்க, வங்கி தருகிற கடன். கிரெடிட் ஸ்கோர் 580க்கு மேல் இருந்தால் 3.5 சதவீதம், 500க்கும் 579க்கும் நடுவில் இருந்தால் 10 சதவீதம். நாலு குடித்தனம் வரை உள்ள வீட்டுக்குக் கிடைக்கும், அதில் ஒன்றில் நாம் குடியிருக்க வேண்டும். எல்லாம் சரி. ஆனால் 2025 மார்ச் மாதம் 26ஆம் தேதி அந்தத் துறை ஒரு சுற்றறிக்கை விட்டது: நிரந்தரக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு இனி இந்தக் கடன் கிடையாது, மே 25 முதல் எண் ஒதுக்கப்படும் விண்ணப்பங்களுக்கு இது பொருந்தும் என்று. அதாவது கிரீன் கார்டு அல்லது குடியுரிமை இருந்தால்தான். எச்-1பி, எல்-1 போன்ற வேலை விசாவில் இருப்பவர்கள் எல்லாம் வெளியே.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், ஏப்ரலில் ஒரு கடன் நிறுவனம் எங்களுக்கு எஃப்எச்ஏ முன்ஒப்புதல் கடிதமே கொடுத்தது. சுற்றறிக்கை வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நாங்களும் அதை நம்பி வார இறுதி எல்லாம் வீடு பார்த்து, ஜூனில் ஒரு வீட்டுக்கு விலை பேசி, கையெழுத்தும் போட்ட பிறகு அந்தக் கடன் நிறுவனத்து அம்மா போன் பண்ணி, "சாரி, உங்க விசாவுக்கு இப்போ முடியாது" என்றார். விசா நகலை ஏப்ரலிலேயே வாங்கி வைத்திருந்தவர்கள்தான். நல்லவேளையாக ஒப்பந்தத்தில் கடன் கிடைக்காவிட்டால் விலகலாம் என்ற நிபந்தனையை எங்கள் வக்கீல் எழுதச் சொல்லியிருந்தார், அட்வான்ஸ் தப்பியது. ஆனால் அந்த வீடு போய்விட்டது, எலிவேஷன் நன்றாக இருந்த வீடு, இன்னும் அந்தத் தெரு வழியாகப் போனால் என் கணவர் பார்த்துக்கொண்டேதான் வண்டி ஓட்டுவார்.

அப்புறம் எங்களுக்கு வழி விட்டது கன்வென்ஷனல் கடன், அதாவது அரசுக் காப்பீடு இல்லாத சாதாரண வீட்டுக் கடன். இதுவும் கட்டுரையில் இல்லை. முன்பெல்லாம் இந்த வகையில் இரண்டு குடித்தன வீட்டுக்கு 15 சதவீதம், மூன்று நாலு குடித்தனத்துக்கு 25 சதவீதம் முன்பணம் கேட்பார்கள். 2023 நவம்பரில் ஃபேனி மே (வங்கிகளிடமிருந்து இந்த வகைக் கடன்களை வாங்கிக்கொள்கிற, அதனால் விதிகளையும் வகுக்கிற பெரிய நிறுவனம்) அதை 5 சதவீதமாகக் குறைத்துவிட்டது, நாம் குடியிருக்கும் வீடாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. சட்டப்படி இங்கே தங்கி வேலை பார்க்கிறவருக்கு விசா ஒரு தடையில்லை. கணக்கு எளிதாக இருக்க வீட்டின் விலை 6 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். எஃப்எச்ஏவில் 21,000 டாலர் போதும் என்று நினைத்திருந்தோம், இதில் 30,000. கூடவே குளோசிங் செலவு, அதாவது வீடு நம் பேருக்கு மாறும் நாளில் வரும் வக்கீல், பதிவு, கடன் கட்டணங்கள், தனி. அந்த 9,000 டாலர் வித்தியாசத்துக்கு நாங்கள் பட்ட பாட்டை எழுதினால் அது வேறு கடிதம்.

கிரீன் கார்டு உள்ளவர்கள்கூட எஃப்எச்ஏதான் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு போக வேண்டாம். அதில் கடன் தொகையில் 1.75 சதவீதம் முதலிலேயே காப்பீட்டுக் கட்டணமாகக் கடனோடு சேர்ந்துவிடும், 5,79,000 டாலர் கடனுக்கு அதுவே 10,000 தாண்டுகிறது. பிறகு வருஷத்துக்கு 0.55 சதவீதம் மாதாமாதம். 10 சதவீதத்துக்குக் கீழே முன்பணம் கொடுத்தவர்களுக்கு இந்த மாதக் கட்டணம் கடன் முடியும் வரை போகாது, 10 சதவீதமோ மேலோ கொடுத்தால் 11 வருஷம். கன்வென்ஷனலில் பிஎம்ஐ என்று ஒரு தனியார் காப்பீட்டுக் கட்டணம் உண்டு, அது கிரெடிட் ஸ்கோரைப் பொறுத்தது, கடன் குறைந்த பிறகு எடுத்துவிடச் சொல்லிக் கேட்கலாம். ஸ்கோர் நன்றாக இருக்கிறவர் இரண்டையும் எழுதி வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கண்ணி, மூன்று நாலு குடித்தன வீட்டை எஃப்எச்ஏவில் வாங்க நினைக்கிறவர்களுக்கு. அந்த வீடு தன்னைத் தானே தாங்குமா என்று ஒரு சோதனை வைப்பார்கள். நாம் இருக்கப்போகும் பகுதிக்கும் சேர்த்து எல்லாப் பகுதிகளின் சந்தை வாடகையையும் கூட்டி, அதில் 75 சதவீதம் மாதத் தவணை, வரி, காப்பீடு எல்லாவற்றையும் ஈடுகட்ட வேண்டும். இன்றைய வட்டியிலும் நியூ ஜெர்சி சொத்து வரியிலும் இதில் தேறும் வீடு கிடைப்பது கஷ்டம். இரண்டு குடித்தன வீட்டுக்கு இந்தச் சோதனை இல்லை. அதனால்தான் என்னைக் கேட்டால் முதல் தடவை வாங்குகிறவருக்கு இரண்டே போதும் என்பேன்.

அந்த 75 சதவீதம் எல்லா இடத்திலும் வரும். மாடிக்கு 2,500 டாலர் வாடகை வரும் என்று மதிப்பீட்டாளர் எழுதினால், வங்கி 1,875ஐத்தான் நம் வருமானத்தோடு சேர்க்கும். மீதி, வீடு காலியாகக் கிடக்கும் மாதத்துக்கும் ரிப்பேருக்கும் என்று ஒதுக்கிவிடுவார்கள். தவணையில் கழிப்பார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம், இல்லை, வருமானத்தில்தான் கூட்டுகிறார்கள், இது இரண்டும் ஒன்றல்ல, கடன் தகுதிக் கணக்கில் பெரிய வித்தியாசம் வரும். இன்னும் ஒன்று: அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ வாடகை தராமல் இருந்து பணம் சேர்க்கிற பிள்ளைகள் கவனிக்க வேண்டும், இப்போது வீட்டுச் செலவு என்று மாதாமாதம் எதுவும் கட்டாதவருக்கு ஃபேனி மே விதிப்படி வரப்போகும் வாடகையை வருமானமாகச் சேர்க்கவே முடியாது. அக்காவுக்கு ஒரு தொகையைச் செக்காகக் கொடுத்து வந்திருந்தால் கதை வேறு.

ஊரில் இருக்கும் ஃபிளாட்டின் இஎம்ஐயையும் விண்ணப்பத்தில் சொல்லியாக வேண்டும். இங்கத்திய கிரெடிட் ரிப்போர்ட்டில் அது தெரியாதே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். உலகத்தில் எங்கே கடன் இருந்தாலும் எழுதச் சொல்லிக் கேட்டுக் கையெழுத்து வாங்குகிற படிவம் அது, கடன் விண்ணப்பத்தில் தெரிந்தே பொய் எழுதினால் மத்திய சட்டப்படி 30 வருஷம் வரை சிறை. அதே சட்டம்தான், குடியிருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு 5 சதவீதத்தில் வாங்கிவிட்டு இரண்டு பகுதியையும் வாடகைக்கு விடுகிறவர்களுக்கும். 60 நாளுக்குள் குடியேற வேண்டும், ஒரு வருஷமாவது இருக்கும் எண்ணம் வேண்டும். இதை "யாரு வந்து பாக்கப் போறா" என்று சர்வசாதாரணமாகப் பேசுகிறார்கள், அதுவும் விசாவில் இருக்கிறவர்கள்.

சரி, அந்த 9,000 டாலருக்கு வருகிறேன், ஏனென்றால் அது என் அப்பாவிடமிருந்து வந்தது, மேலும் கொஞ்சம் சேர்த்து. பெற்றோர் கொடுக்கும் பணத்தை முன்பணமாகக் காட்டலாம். இது அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டியதில்லை என்று அவர் கையெழுத்திட்ட கடிதமும், பணம் எந்தக் கணக்கிலிருந்து எப்படி வந்தது என்ற ரசீதும் வேண்டும். ஊரிலிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் அனுப்பக்கூடியது 2,50,000 டாலர் வரை. 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடிக்கும், அது வருமான வரித் தாக்கலில் திரும்பக் கிடைக்கும் என்றாலும் வீடு வாங்குகிற மாதத்தில் கையில் இருக்காது. அப்பாவுக்கு இது முன்பே தெரிந்திருந்தால் மார்ச் கடைசியில் கொஞ்சம், ஏப்ரலில் கொஞ்சம் என்று அனுப்பியிருப்பார். நிலம் விற்றுப் பெரிய தொகை அனுப்புகிறவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஒரு வருஷத்தில் வெளிநாட்டவரிடமிருந்து 1 லட்சம் டாலருக்கு மேல் அன்பளிப்பு வாங்கினால் இங்கே படிவம் 3520 கொடுக்க வேண்டும். வரி ஒன்றும் கிடையாது. ஆனால் படிவத்தைக் கொடுக்க மறந்தால் மாதத்துக்கு 5 சதவீதம், 25 சதவீதம் வரை அபராதம். வரியே இல்லாத பணத்துக்கு நாலில் ஒரு பங்கு அபராதம்!

இப்போது "வாடகைக்காரரே கடனைக் கட்டுவார்" என்ற வரிக்கு வருவோம். அதே 6 லட்சம், 5 சதவீதம் முன்பணம், 5,70,000 டாலர் கடன், 30 வருஷம், வட்டி 6.5 சதவீதம் என்றால் அசலும் வட்டியும் மாதம் சுமார் 3,600. சொத்து வரி 1,000, காப்பீடு 200, பிஎம்ஐ 250 என்று வைத்தால் 5,050. வாடகை 2,500. மீதி 2,550 டாலர் நம் கையிலிருந்து, அதுவும் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் பழுதில்லாமல் வேலை செய்கிற மாதத்தில். முன்பு நாங்கள் இருந்த அபார்ட்மெண்டுக்குக் கொடுத்த வாடகையும் ஏறக்குறைய இதேதான். இலவசமாக யாரும் இருக்கவில்லை. வாடகை கொடுத்த அதே பணத்தில் ஒரு வீடு நம் பேரில் இருக்கிறது, அவ்வளவுதான், அதுவே எனக்குப் போதும். நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இலவசம் என்று நம்பி, கையிருப்பை எல்லாம் முன்பணத்தில் போட்டுவிட்டு வந்தால் முதல் குளிர்காலத்திலேயே கிரெடிட் கார்டில் ஓட வேண்டியதுதான். எங்கள் மாடி முதல் ஒரு மாதத்துக்கும் மேல் காலியாகத்தான் கிடந்தது.

(அந்த நேரத்தில் ஒரு தெரிந்தவர் "தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டும்" என்று விளம்பரம் போடச் சொன்னார். போடாதீர்கள். சொந்த வீட்டில் குடியிருந்துகொண்டு விடுகிற சிறிய வீடுகளுக்கு 1968ஆம் வருஷத்து வீட்டுவசதிச் சட்டம் சில விலக்குகள் தருகிறது, ஆனால் விளம்பரத்தில் இப்படி எழுதுவதற்கு விலக்கு இல்லை.)

வரிக்கு வருகிறேன். வீட்டில் வரித் தாக்கல் செய்வது நான்தான், அதனால் இதில் கொஞ்சம் நீட்டி எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் வாடகை வருமானத்துக்கு 30 சதவீதம் கழிவு, பில் எதுவும் வேண்டாம், தேய்மானம் என்ற பேச்சும் கிடையாது. இங்கே நேர் எதிர். ஒரே வீட்டை வரிக்காக இரண்டு வீடாக நினைத்துக்கொள்ள வேண்டும். மாடியின் பங்கு வட்டி, சொத்து வரி, காப்பீடு, பிஎம்ஐ எல்லாம் ஷெட்யூல் ஈ என்ற வாடகைக் கணக்குப் படிவத்தில் வாடகைக்கு எதிராகப் போகும். நம் பங்கு வட்டியும் சொத்து வரியும் ஷெட்யூல் ஏ என்ற சொந்தக் கழிவுகளின் படிவத்தில், அதுவும் எல்லோருக்கும் பில் இல்லாமல் கிடைக்கும் ஸ்டாண்டர்ட் டிடக்ஷனை வேண்டாம் என்று சொன்னால் மட்டும். மாடியில் மட்டும் குழாய் மாற்றினால் முழுச் செலவும் மாடிக்கு. இரண்டுக்கும் பொதுவான கூரை என்றால் பங்கு பிரிக்க வேண்டும். பங்கு பாதி பாதி என்று இல்லை, பரப்பளவை வைத்துப் பிரிப்பதுதான் முறை. எங்களுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் பாதி.

தேய்மானம் இப்படி. விலையில் நிலத்தின் பங்கை எடுத்துவிட வேண்டும், நிலம் தேயாது. சொத்து வரி மதிப்பீட்டில் நிலம், கட்டடம் என்று தனித்தனியாகப் போட்டிருக்கும், அந்த விகிதத்தைப் பயன்படுத்தலாம். நிலம் 30 சதவீதம் என்றால் கட்டடம் 4,20,000, அதில் மாடி 2,10,000, அதை 27.5 வருஷத்தால் வகுத்தால் வருஷத்துக்கு 7,636 டாலர். வாடகைக்காரர் வந்த நாளிலிருந்து அல்ல, வாடகைக்குத் தயார் என்று நாம் விளம்பரம் போட்ட மாதத்திலிருந்து கணக்கு ஓடும், முதல் மாதம் பாதி மாதமாக. நாங்கள் ஆகஸ்டில் குளோசிங் முடித்து, பெயின்ட் அடித்து, செப்டம்பரில் விளம்பரம் போட்டோம், ஆள் வந்தது அக்டோபர் நடுவில். 2025க்கு எங்களுக்கு மூன்றரை மாதத் தேய்மானம். அக்டோபரிலிருந்துதான் என்று வைத்திருந்தால் ஒரு மாதத்தை விட்டிருப்போம். அந்த விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

முழு வருஷத்துக்குப் பார்த்தால் மாடியின் பங்கு வட்டி சுமார் 18,430, சொத்து வரி 6,000, காப்பீடு 1,200, பிஎம்ஐ 1,500, ரிப்பேர் 1,500 என்று 28,630 ஆகிறது. வாடகை 30,000. கொஞ்சம் லாபம். அதில் தேய்மானத்தைக் கழித்தால் 6,266 டாலர் நட்டம், வெறும் காகித நட்டம். கட்டுரையில் சொன்னது இதைத்தான்: இந்த நட்டத்தைச் சம்பளத்தில் கழித்து வரியைக் குறைக்கலாம் என்று. என் கணவரும் ஒரு யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு ஆறு மாதமாக இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

கழிக்கலாம், 25,000 டாலர் வரை. வருமானம் 1 லட்சம் டாலருக்குள் இருந்தால். அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டு டாலருக்கும் ஒரு டாலர் குறைந்து, 1,50,000இல் பூஜ்யம். கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்து தாக்கல் செய்தாலும் இதே எல்லைதான், இருமடங்கு ஆகாது. 1986இல் போட்ட எல்லை, விலைவாசிக்கு ஏற்ப ஏறவே இல்லை. இரண்டு சாஃப்ட்வேர் சம்பளம் உள்ள எந்தத் தமிழ் வீட்டில் 1,50,000க்குள் இருக்கிறது? தனித்தனியாகத் தாக்கல் செய்துவிடலாமே என்று கேட்பீர்கள், ஒரே வீட்டில் இருந்துகொண்டு தனித்தனியாகச் செய்தால் இந்தச் சலுகையே கிடையாது. நட்டம் வீணாகாது, படிவம் 8582இல் அடுத்தடுத்த வருஷத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும், பின்னால் வாடகையில் லாபம் வரும் வருஷத்திலோ வீட்டை விற்கும் வருஷத்திலோ பயன்படும். ஆனால் இந்த ஏப்ரலில் ரீஃபண்ட் கூடும் என்று நம்பி யாரும் கணக்குப் போட வேண்டாம்.

இதற்கும் ஒரு "வழி" சொல்கிறார்கள். தம்பதியில் ஒருவர் ரியல் எஸ்டேட் தொழில்முறையாளர் என்று காட்டினால் இந்த எல்லை பொருந்தாது. வருஷத்துக்கு 750 மணி நேரத்துக்கு மேல் அதில் உழைக்க வேண்டும், மொத்த வேலை நேரத்தில் பாதிக்கு மேல் அதுவாகவும் இருக்க வேண்டும், அதோடு சொந்த வாடகை வீட்டை நடத்துவதிலும் உண்மையான பங்கு வேண்டும். முழுநேர வேலையில் இருப்பவரால் முடியாது. அதனால் எச்-4 என்ற, எச்-1பிகாரரின் துணைக்கான விசாவில் வேலைக்குப் போகாமல் இருக்கும் மனைவி பேரில் காட்டச் சொல்கிறார் ஒரு ஆலோசகர். வேலை அனுமதி இல்லாத ஒருவர் 750 மணி நேரம் ஒரு தொழிலில் உழைத்தேன் என்று அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுப்பதா? வாடகை வாங்குவது வேறு, வேலை செய்தேன் என்று கையெழுத்துப் போடுவது வேறு. இதை வரி ஆலோசகரிடம் மட்டும் கேட்டால் போதாது, குடியேற்ற வக்கீலிடமும் கேட்க வேண்டும்.

எப்படியும் நட்டத்தைப் பயன்படுத்த முடியவில்லை, அப்படியானால் தேய்மானத்தையே எழுதாமல் விட்டுவிடலாமா, பின்னால் விற்கும்போது அதற்கு வரி கட்ட வேண்டுமாமே என்று என் தோழி கேட்டாள். விட முடியாது. விற்கும்போது, நீங்கள் எழுதிய தேய்மானம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள், எழுதியிருக்க வேண்டியது எவ்வளவு என்றுதான் பார்ப்பார்கள், அதற்கு 25 சதவீதம் வரை வரி. எழுதாவிட்டால் சலுகையும் போய், வரியும் வரும்.

விற்பது பற்றிக் கட்டுரையில் ஒரே வரி: இரண்டு வருஷம் குடியிருந்தால் தம்பதிக்கு 5 லட்சம் டாலர் வரை லாபத்துக்கு வரி இல்லை என்று. நாம் குடியிருந்த பகுதிக்கு மட்டும். விற்பதற்கு முந்தைய ஐந்து வருஷத்தில் இரண்டு வருஷம் அங்கே இருந்திருக்க வேண்டும். தனி வாசல், தனிச் சமையலறை உள்ள மாடி வேறு வீடாகத்தான் கணக்கு. ஐந்து வருஷம் கழித்து 2 லட்சம் லாபத்தில் விற்றால், கீழ் வீட்டின் 1 லட்சத்துக்கு வரியில்லை, மாடியின் 1 லட்சத்துக்கு உண்டு, அதோடு ஐந்து வருஷத் தேய்மானம் 38,180க்கும் உண்டு. அதில்தான் அந்தத் தூங்கிக்கொண்டிருந்த நட்டங்கள் எழுந்து வந்து கொஞ்சம் கைகொடுக்கும். தனி வீடு இல்லாமல், நாம் இருக்கும் வீட்டுக்குள்ளேயே ஒரு அறையை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு இந்தப் பிரிப்பு வராது, தேய்மானப் பங்குக்கு மட்டும் வரி.

நம் பங்கு வட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025க்குத் தம்பதிக்கு ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் 31,500. எங்கள் பங்கு வட்டி முழு வருஷத்துக்கு 18,430, சொத்து வரி 6,000, மாநில வருமான வரி ஒரு 9,000 என்றால் மொத்தம் 33,430. அதாவது 18,430 வட்டி கட்டியும், வரியில் கூடுதலாகக் கழிவது 1,930தான். 2025 ஜூலையில் வந்த புதுச் சட்டம் மாநில வரி, சொத்து வரிக் கழிவின் உச்சவரம்பை 10,000லிருந்து 40,000 ஆக்கியிருக்காவிட்டால் இதுவும் கிடைத்திருக்காது. மாடியின் பங்கு சொத்து வரி ஷெட்யூல் ஈயில் போவதால் இந்த உச்சவரம்பில் அது சேராது. இரண்டு குடித்தன வீட்டின் சத்தமில்லாத லாபம் என்றால் எனக்கு இதுதான்.

வாடகை அட்வான்ஸ் வருமானமல்ல, திருப்பித் தர வேண்டிய பணம். ஆனால் "கடைசி மாத வாடகை" என்று சொல்லி முன்கூட்டியே வாங்கினால் வாங்கிய வருஷத்திலேயே வருமானம்.

கடைசியாக ஒன்று, இதைப் பெரியவர்கள் படிப்பார்கள் என்பதால். பிள்ளைகள் வேலை போய், விசா விதிப்படி 60 நாளில் ஊர் திரும்ப வேண்டி வந்தால் அந்த வீடு என்ன ஆகும்? விற்க அவசரப்படாமல் இரண்டு பகுதியையும் வாடகைக்கு விடலாம், குடியிருக்கும் எண்ணத்தோடுதான் வாங்கினார்கள் என்றால் அது மோசடி ஆகாது. ஆனால் இங்கே வரிக்கு அவர் வெளிநாட்டவர் ஆகிவிடுவார். வாடகையை நிகர வருமானமாகக் காட்டுகிறேன் என்று விருப்பம் தெரிவிக்காவிட்டால், செலவு எதையும் கழிக்காமல் மொத்த வாடகையில் 30 சதவீதம் வரி. பிறகு விற்றால், வாங்குகிறவர் விலையில் 15 சதவீதத்தைப் பிடித்து வரித்துறைக்குக் கட்ட வேண்டும், அவர் குடியிருக்க வாங்குகிறார், விலையும் 3 லட்சத்துக்கு மேல், 10 லட்சம் டாலருக்குள் என்றால் 10 சதவீதம். லாபத்தில் அல்ல, விலையில். 6 லட்சம் வீட்டுக்கு 60,000 டாலர், நட்டத்தில் விற்றாலும். தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம், குறைத்துப் பிடிக்கச் சொல்லி படிவம் 8288-பியில் விற்பதற்கு முன்பே விண்ணப்பிக்கலாம், ஆனால் இது தெரியாமல் குளோசிங் மேசையில் உட்கார்ந்து அதிர்ந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் அந்தப் பணத்தை நம்பித்தான் கோயம்புத்தூரில் வீடு பேசியிருந்தார்.

ஆசிரியர் அவர்களே, முழுக் கட்டுரையையும் திருத்தி எழுதச் சொல்லவில்லை. அந்த 3.5 சதவீத வரிக்கு மட்டும், கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ளவர்களுக்கே என்று ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். எங்கள் குடியிருப்பில் முன்பு பக்கத்து வீட்டில் இருந்த எச்-1பி தம்பதி, உங்கள் கட்டுரையைக் காட்டித்தான் போன சனிக்கிழமை வீடு பார்க்கக் கிளம்பினார்கள். அவர்களுடைய முன்ஒப்புதல் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். அதிலும் எஃப்எச்ஏ என்றுதான் இருந்தது.

இப்படிக்கு,
நியூ ஜெர்சியிலிருந்து உங்கள் வாசகி